பக்கத்து நிரை

குண்டனி நாடு
23.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கலைச்செல்வி எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலமா என்று கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் பாறை மேல் ஏறி நின்றால்தான் பூபதி அண்ணன் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே எப்போதும் யாராவது நிற்பார்கள். ஆள் இல்லாவிட்டாலும் எனக்குப் பேச வராது. எட்டாவதோடு நின்றதற்குப் பாதிக் காரணம், எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள் என்ற பயம். "வாயில வராதது உனக்குக் கையில வருது, எழுது கண்ணு" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

பங்குனியில் நீங்கள் பஸ் ஏறிய அன்று நான் பாறையில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பையோடு போனீர்கள். சோளக்காட்டுக்கு ஏதோ வாங்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். இருட்டும் வரை உங்களுக்குச் சோறு எடுத்து வைத்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணி. நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். நான் எப்போது யாரிடம் எதைச் சொன்னேன்?

இப்போது சாமை முளைத்துவிட்டது. ஆடி பிறந்ததும் களையெடுப்பு. அதனால்தான் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன வருடம் வைகாசியில் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட நம் பாப்பாவுக்குப் பிறகு உங்களை யாரும் மாத்தாளில் சேர்க்கவில்லை. இன்றைக்கு எங்கள் காடு, நாளைக்குப் பாப்பாத்தி அக்கா காடு என்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் மாற்றி மாற்றிப் போனபோது உங்களை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். குழந்தையைப் பறிகொடுத்தவள் கை பயிரில் படக் கூடாது என்று ஒதுக்கிவிட்டதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லவே இல்லை. நான் களையெடுக்கிற நிரையில் நின்றவள், எல்லாம் கேட்டேன். "அந்தப் புள்ள ஒடம்பு தேறட்டும், அவ நெரையயும் நாமளே எடுத்துருவோம்" என்றுதான் அம்மா சொன்னார்கள். எல்லாரும் சரி என்றார்கள். பாசத்தில் செய்தது. இது தெரிந்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆவணிக்குப் பிறகு ஊர்க்கூட்டம் போட்டு உங்கள் விஷயத்தைப் பேசப் போவதாக அண்ணாமலைக் கவுண்டர் சொல்லியிருக்கிறார். ஒன்று சேர்த்துவைப்பது, இல்லையென்றால் பிரித்துவிடுவது. அதற்குள் வாருங்கள்.

உங்கள்
கலை


புளியஞ்சோலை
8.7.2024

கலைக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா பயந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தால் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்றுதான் அர்த்தம்.

உன்னிடம் சொல்லாமல் வந்தது தப்புதான். உன் முகத்தைப் பார்த்திருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன். அதனால் பார்க்கவில்லை.

நீ நினைத்தது தவறு கண்ணு. பாசத்தில் செய்தது என்று எனக்கு அப்போதே தெரியும். தீட்டு என்று ஒதுக்கியிருந்தால் ஊர் நடுவில் நின்று சண்டை போட்டிருப்பேன். எனக்கு வாய் உண்டு, நீயே பார்த்திருக்கிறாய். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

நான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவேன். உன் அம்மா ஓடிவந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். "நீ படுத்துக்க சாமி." மறுநாள் பாப்பாத்தி அக்கா வாங்கிக்கொள்வார். "உன் நெரைய நான் எடுத்துட்டேன் போ." அப்புறம் உன் அண்ணன் அந்தக் கொத்தைக் கூரைக்கு அடியில் இருக்கிற அட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிட்டார். எல்லாரும் போன பிறகு வீட்டில் நானும் கோழிகளும் மட்டும். மேல்காட்டிலிருந்து நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். பாப்பாத்தி அக்கா தன் புருஷனைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பார். என்ன சொன்னார் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியுமா? சாயங்காலம் நீங்கள் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். எனக்கு வலிக்கக் கூடாதாம்.

கைவேலை போனது. பேச்சும் போனது. மிச்சம் இருந்தது பாப்பா மட்டும். அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன், காலையிலிருந்து இருட்டும் வரை.

ஒருநாள் ஓடைப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று எழுத மாட்டேன். திரும்பி வந்தேன். அடுத்த நாள்தான் பஸ் ஏறினேன்.

இங்கே அம்மா என்னைத் துறையூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இது உடம்பு நோய் மாதிரி ஒரு நோய்தான், பெயர் உண்டு, மருந்து உண்டு என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறேன். அங்கே என் கையிலிருந்து கலவைச் சட்டியை யாரும் வாங்குவதில்லை.

கூட்டம் போடட்டும். நீ இதில் தலையிடாதே.

சுமதி

பின்குறிப்பு: பாப்பாத்தி அக்கா புருஷனைப் பற்றி என்ன சொன்னார்?


குண்டனி நாடு
21.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். ஓடை என்று எழுதிய இடத்தை மறுபடி படிக்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் ஈரக் காலோடு வந்தீர்கள். "கால் கழுவுனீங்களா அண்ணி" என்று கேட்டேன். தலையாட்டினீர்கள். நான் சாணி அள்ளப் போய்விட்டேன்.

பாப்பாத்தி அக்கா சொன்னது: அவர் புருஷன் குப்புசாமி மாமா கரடி வந்துவிட்டது என்று பலாமரத்தில் ஏறிக்கொண்டாராம். கீழே வந்தது மாமாவின் மாமியார், கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு. "எறங்க மாட்டேன்னுட்டாரு. கரடியா இருந்தாக்கூட எறங்கியிருப்பாரு." இதற்குத்தான் சிரித்தோம். அன்றைக்கே வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் நடந்தது. சேலத்திலிருந்து கவிதா என்று ஒரு அக்கா வந்தார். பெண்களுக்கு மனசு கஷ்டம் வந்தால் ஊரே சேர்ந்து எப்படித் துணை நிற்பது என்று ஊர் ஊராகச் சொல்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் துணி கட்டினார்கள். 'பெண்கள் மனநலக் கூட்டம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பாப்பாத்தி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன சாமி எழுதியிருக்குது?" படித்துச் சொன்னேன். "மனசு நல்லா இருக்கறவங்களுக்கா, கெட்டுப்போனவங்களுக்கா?" எனக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்கறவங்களுக்குன்னா எதுக்கு வரோணும்? கெட்டுப்போனவங்களுக்குன்னா எவ வருவா?" என்று சொல்லிவிட்டுக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவி, யாரும் வரவில்லை. போனால் பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்களாம்.

நான் போனேன் அண்ணி. உள்ளே இல்லை, கதவுக்கு வெளியே நின்றேன். கவிதா அக்கா காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த பிஸ்கட்டை ஒன்றொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. என்னைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். நான் ஓடிவந்துவிட்டேன்.

கலை


புளியஞ்சோலை
30.7.2024

கலைக்கு,

கரடிக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

அந்தக் கவிதா கூட்டம் போட்டால் நம் ஊரில் ஒரு காக்கா கூட வராது. பெஞ்சில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே பார்த்து, மனசைச் சொல்லு என்றால் எவள் சொல்லுவாள்? நம் பெண்கள் பேசுவது நிரையில்தான். குனிந்துகொண்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவள் முகம் தெரியாமல். கல்யாணம் முடிந்து வந்த புதிதில் உன் அம்மாவைப் பற்றி எனக்கு வீட்டில் தெரிந்ததைவிட நிரையில் தெரிந்ததுதான் அதிகம்.

அந்த அக்காவைக் களையெடுப்புக்கு வரச் சொல். துணியைக் கழற்றிவிட்டுக் கொத்தோடு வரட்டும். என் பெயரைச் சொல்லாதே.

சுமதி


குண்டனி நாடு
18.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கவிதா அக்காவிடம் நான் பேசவில்லை. ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். படித்துவிட்டு, "இது நீ யோசிச்சதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். யார் என்று கேட்டார். சொல்லவில்லை.

வந்தார் அண்ணி. நம் மேல்காட்டுக்கே வந்தார். சுடிதாரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, எனக்கும் பாப்பாத்தி அக்காவுக்கும் நடுவில், நீங்கள் நிற்கிற இடத்தில் நிரை பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பாப்பாத்தி அக்கா கத்தினார். "ஐயோ அம்மிணி, புல்ல உட்டுப்போட்டுச் சாமையப் புடுங்கறீங்களே! மனசு மனசுன்னு எங்க வயித்துல அடிச்சிருவீங்களாட்ட இருக்குது!" அவர் பின்னால் பார்த்தால் சாமை எல்லாம் படுத்திருக்கிறது, புல் எல்லாம் நிற்கிறது. எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கவிதா அக்கா முகம் சிவந்து, பிடுங்கியதை மறுபடி நடப் பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆள் ஆகிவிட்டார்.

அவர் எதுவும் கேட்கவில்லை. தன் அம்மா ஒரு வருடம் கட்டிலை விட்டு எழாமல் கிடந்ததைச் சொன்னார், புல்லைப் பார்த்துக்கொண்டே. பாப்பாத்தி அக்கா, கடைசிப் பிள்ளை பிறந்தபோது அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார். அவரா என்று எனக்கு நம்ப முடியவில்லை.

அப்போது அம்மா பேசினார்கள்.

"பூபதிக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சுங்க. பொம்பளப் புள்ள."

எனக்குத் தெரியாது அண்ணி. அண்ணனுக்கும் தெரியாது. எங்களுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள்.

"அது போயி மறுவாரமே எங்க மாமியா கொத்தக் கையில குடுத்து நெரையில நிறுத்திப்போட்டாங்க. பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் கல்லு. குனிய முடியல. ரெண்டு நாளு ஊட்டுல படுத்து அழுவ உட்டாங்களா? அன்னைக்கு இந்த மண்ணுல நின்னு நெனச்சேன், எனக்கு ஒரு மருமக வந்தா இந்தக் கொடுமையப் பண்ண மாட்டேன்னு. பண்ணலீங்க. நான் ஏங்குனத அவளுக்குக் குடுத்தேன்."

"அவங்களக் கேட்டீங்களா?" என்றார் கவிதா அக்கா.

"கேக்கறதா? அதையெல்லாம் யாருங்க கேப்பா?"

அம்மா குனிந்தபடியே நிரையை முடித்துக்கொண்டு வரப்பு வரை போனார்கள். திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பாப்பாத்தி அக்கா எழுந்து போய், தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

நீங்கள் பெயரைச் சொல்லாதே என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லாரும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வந்துவிடுங்கள் அண்ணி. இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கலை


புளியஞ்சோலை
1.9.2024

கலைக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நான் அந்த வீட்டில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபோது, அத்தை அடுப்படியில் இருந்துகொண்டு என்னைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைப்பார்கள். புகை என்று நினைத்தேன். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து, எனக்கும் ஒன்று போயிற்று சாமி என்று அந்த ஒரு பேச்சைச் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். நான் ஓடைக்குப் போயிருக்க மாட்டேன். அவர்களும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வாய் உண்டு என்று பெருமை பேசினேனே, அந்த வாய் அப்போது எங்கே போயிற்று என்று இப்போது யோசிக்கிறேன். கொத்தைக் கொடுங்கள், எனக்கு வேலை வேண்டும் என்று ஒரு தடவையாவது கத்தியிருக்கலாம். ஒரு தடவை வாங்கிக்கொண்டார்கள், இரண்டாவது தடவையும் கொடுத்துவிட்டேன்.

புரிந்துவிட்டது, வந்துவிடுங்கள் என்கிறாய். நீ சின்னப் பெண். புரிவதற்கும் வருவதற்கும் நடுவில் மலை இருக்கிறது. அந்த வாசலை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. மாத்திரை தூங்க வைக்கிறது, வேலைக்கு எழுப்பிவிடுகிறது. அந்த வீட்டுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போகாது. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் இத்தனை நாளில் ஒரு தடவை கீழே இறங்கி வந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்திருப்பார். அதுவும் பாசம்தான். உங்கள் வீட்டில் எல்லாமே பாசம்தான்.

கூட்டத்துக்கு அம்மா வருவாள். பிரிந்துகொள்ள எனக்குச் சம்மதம் என்று சொல்லுவாள். அதற்குப் பிறகு அண்ணி என்று எழுதாதே. முறை இல்லை.

சுமதி


குண்டனி நாடு
20.10.2024

அன்புள்ள

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அக்கா என்று எழுதிப் பார்த்தேன், பொய் மாதிரி இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் வயது எனக்கு இல்லை. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் நடந்ததை உங்கள் அம்மா சொல்லியிருப்பார்கள். அவர்கள் பார்க்காததைச் சொல்கிறேன். துரும்பைக் கிள்ளிப் போட்டால் பிரிந்ததாக அர்த்தம் என்று அண்ணாமலைக் கவுண்டர் அண்ணன் கையில் ஒரு சாமைத் தாளைக் கொடுத்தார். அது பச்சைத் தாள். ஒடியவில்லை, வளைந்தது. அண்ணன் முறுக்கினார், இழுத்தார், வரவில்லை. யாரோ சிரித்தார்கள். "காஞ்சதாக் குடுங்கப்பா" என்றார்கள். காய்ந்ததைக் கொடுத்தார்கள், ஒடிந்தது. உங்கள் அம்மா அதற்குள் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் அந்தப் பச்சைத் தாளைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அட்டத்திலிருந்து உங்கள் கொத்தையும் எடுத்துக் கதவோரம் வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்கிற பழக்கம் இல்லை. பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிற்கிறேன், அண்ணன் எழுந்து போய்விடுகிறார்.

இன்னொன்று. இரண்டாம் களையெடுப்பில் எங்கள் காட்டில் ஒரு நிரையை அம்மா தொடவிடவில்லை. எனக்கும் பாப்பாத்தி அக்காவுக்கும் நடுவில் இருப்பது. பாப்பாத்தி அக்கா பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். "உடு பாப்பாத்தி. அந்த நெரைக்கு ஆளு இருக்குது" என்றார்கள் அம்மா. இப்போது மற்ற இடத்தில் சாமை கதிர் சாய்ந்து நிற்கிறது. அந்த ஒரு நிரையில் மட்டும் இடுப்பளவு புல். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கூடத் தெரியும். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அம்மாவைக் கேட்டேன். "உள்ளதச் சொல்லு" என்றார்கள்.

கவிதா அக்கா மாதம் ஒரு தடவை வருகிறார். துணி கட்டுவதில்லை. யாராவது நிரைக்கு வராவிட்டால், சாயங்காலம் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய், "வேலை வேணுமா, படுக்கோணுமா, சொல்லு" என்று கேட்க வேண்டும் என்று பாப்பாத்தி அக்கா சட்டம் போட்டிருக்கிறார். கீழ்வீட்டு மாதம்மாள் அக்காவிடம் கேட்டார்கள். "படுக்கோணும்" என்றார். படுக்க விட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி போய்க் கேட்டார்கள்.

இதெல்லாம் ஒரு வருடத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது.

கலை


புளியஞ்சோலை
29.6.2025

கலைக்கு,

இத்தனை மாதம் பதில் போடவில்லை. கோபம் இல்லை. அந்தப் புல் நிரையை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சித்தாள் வேலைக்கு நடுவில் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். கூட இருந்தவர்கள் சட்டியை வாங்க வந்தார்கள். வேண்டாம், நானே தூக்குகிறேன், கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்கள் போதும் என்றேன். வாய் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது.

உன் அண்ணனுக்குப் பெண் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். பார்க்கட்டும். வருகிறவளிடம் எதையும் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்.

ஒரு நிரையில் புல் மண்டினால் அதன் விதை பக்கத்து நிரைக்கும் பரவும். இந்த வருடக் களையெடுப்பில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து கஷ்டப்படுவீர்கள். அத்தைக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை மேல்காட்டுக்கு வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். நேராகக் காட்டுக்கு வந்து, என் நிரையை எடுத்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் இறங்கிவிடுவேன். சோறு இங்கிருந்தே கட்டிக்கொண்டு வருகிறேன். அத்தையிடம் பேசுவேனா என்று தெரியாது. குனிந்திருக்கும்போது பேச்சு வந்தால் பேசுவேன்.

கதவோரம் இருக்கிற கொத்தைக் கொண்டுவா. அதை யாரும் என் கையிலிருந்து வாங்கக் கூடாது. இதை எல்லாருக்கும் நீ முன்கூட்டியே சொல்லிவை. தாளில் எழுதிக் கொடுக்காதே. உன் வாயால் சொல்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து நிரை